எங்கள் வீட்டில் இரண்டு ஆடிட்டர்கள்

1

சேலையூரில் என்னிடம் ப்ளஸ் டூ வணிகவியல் படித்த ஒரு பெண் சென்ற மாதம் எழுதியிருந்தாள். இப்போது சி.ஏ. முடித்துவிட்டாளாம். மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் வேலை. தை மாதம் கல்யாணம், பங்குனியில் விமானம். "டீச்சர், நம்ம சி.ஏ. அங்கே செல்லுமா?" என்று கேட்டிருந்தாள்.

செல்லாது என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் செரித்துக்கொள்ள எங்கள் வீட்டுக்குப் பத்து வருஷம் பிடித்தது. அவளுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனதால், அவளைப் போலப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று இதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் சி.ஏ. என்றால் நாடு முழுவதற்கும் சி.ஏ. தாம்பரத்தில் கையெழுத்துப் போடுகிறவர் டெல்லியிலும் போடலாம். நான் இருக்கும் அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி வாரியம். இங்கத்து ஆடிட்டர்கள் போடும் சி.பி.ஏ. என்ற மூன்று எழுத்தைப் பெயருக்குப் பின்னால் போட அந்த மாநில வாரியம் லைசென்ஸ் தர வேண்டும். அதற்குப் படிப்பு வேண்டும், அதுவும் பல்கலைக்கழகப் படிப்பு. தேர்வு எழுத வேண்டும். ஏற்கெனவே லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் வேலை பார்த்து, அவர் 'இவர் என் கீழ் வேலை செய்தார்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நடத்தை சரியாக இருக்க வேண்டும். இதெல்லாம் கிடைத்த பிறகும் முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு வருஷமும் வகுப்புக்குப் போய் மணி நேரம் சேர்த்தால்தான் லைசென்ஸ் உயிரோடு இருக்கும். பக்கத்து மாநிலத்துக்குக் குடிபோனால் அங்கே வேறு விதி. எங்கள் மாநிலத்தின் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. நான் சொன்னதை நம்பி யாராவது விண்ணப்பம் போட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது.

2

எங்கள் வீட்டில் ஆடிட்டர் நான் இல்லை. என் கணவர் சாமுவேல்தான்.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் அவர் அலுவலகம். அவரும் கிருஷ்ணன் என்ற நண்பரும் பங்குதாரர்கள். குன்றத்தூரில் நெசவாளர் சங்கம், கேளம்பாக்கத்தில் உப்பளக்காரர், பொழிச்சலூரில் ஒரு லேத் பட்டறை என்று நாலா பக்கமும் கணக்கு இருந்தது. ஸ்கூட்டரில் போவார், வருவார். நான் ரயில் பாதைக்கு மறுபக்கம், சேலையூரில் பெண்கள் பள்ளி ஆசிரியை. பி.காம்., பி.எட். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்த் திரும்பினால் வழியெல்லாம் அவருக்கு வணக்கம் விழும். "ஆடிட்டர் சார், ஒரு நிமிஷம்" என்று யாராவது நிறுத்துவார்கள். மகள் ஷீபாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வருமான வரிக்கு யோசனை சொல்வார். வெயிலில் நான் குடை பிடித்துக்கொண்டு நிற்பேன்.

என் அக்கா ரூபி அமெரிக்காவில் நர்ஸ். குடியுரிமை வாங்கிய கையோடு எங்களுக்கு மனு போட்டிருந்தாள். மனு போட்டதையே நாங்கள் மறந்துபோன சமயத்தில் விசா வந்தது. அது எண்பத்தேழு. வந்த விசாவை விடுவார்களா என்று எல்லோரும் கேட்டார்கள். எங்களுக்கும் விட மனமில்லை.

"நீங்க போய் என்ன பண்ணுவீங்க?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"கணக்கு எங்க போனாலும் கணக்குதானே கிரேஸ்" என்றார்.

கிருஷ்ணன் மட்டும் ஒன்று சொன்னார். "சி.ஏ. மெம்பர்ஷிப்பை மட்டும் விட்டுடாதே. வருஷா வருஷம் கட்டிடு. பேர் ரிஜிஸ்டர்ல இருக்கட்டும்." தொழில் நடத்தும் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெயரை மட்டும் பதிவேட்டில் விட்டுவிட்டு வந்தோம்.

3

இங்கே வந்ததும் இரண்டு பேருடைய சான்றிதழ்களையும் மதிப்பீட்டுக்கு அனுப்பினோம். என்னுடையதை அனுப்பும் எண்ணமே எனக்கு இல்லை. ரூபி அக்காதான், "கையோட உன்னோடதையும் அனுப்பிடு, எதுக்காவது உதவும்" என்றாள்.

பதில் வந்தபோது அவர் சமையலறை மேஜையில் உட்கார்ந்து படித்தார். படித்துவிட்டு முதலில் சிரித்தார்.

"என்னாச்சுங்க?"

"என் பி.காம். மூணு வருஷமாம். இங்க பட்டம்னா நாலு வருஷமாம். அதனால என்னுது பட்டமே இல்ல."

"சி.ஏ.?"

"அது யுனிவர்சிட்டி இல்லையாம். தொழில் பரீட்சையாம். அதுக்குப் படிப்புக் கணக்குல ஒண்ணும் கிடையாது." அடுத்த தாளை எடுத்தார். அது என்னுடையது. "உனக்கு பி.காம். மூணு, பி.எட். ஒண்ணு. மொத்தம் நாலு. நீ பட்டதாரி." தாளை என் பக்கம் தள்ளினார். "பி.எட். படிச்ச நீ ஆடிட்டர் ஆகலாம். நான் ஆக முடியாது. நல்லா இருக்கே."

பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று நான் படித்த ஒரு வருஷம், அவருடைய சி.ஏ.யைவிட இந்த மாநிலத்துக்குப் பெரிதாகப் பட்டது. எங்கள் இருவருக்குமே அது நியாயமாகத் தோன்றவில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் இருந்தது. எனக்குச் சில பாடங்கள் மட்டும் பாக்கி: இந்த நாட்டு வரி, வணிகச் சட்டம், தணிக்கை. அவருக்கு அவையெல்லாமும், அதற்கு மேல் ஒரு வருஷக் கல்லூரியும்.

"நீங்களும் சேருங்க. ரெண்டு பேரும் சாயங்காலம் ஒண்ணா போயிட்டு வரலாம்" என்றேன்.

"தாம்பரத்துல என்கிட்ட ஆர்ட்டிகிள்ஸ் பயிற்சி பண்ணவங்க எத்தனை பேர் ஆடிட்டர் ஆயிட்டாங்க. நான் போய் இனிமே பத்தொன்பது வயசுப் பசங்களோட பெஞ்சுல உட்காரணுமா?"

சேரவில்லை. மருத்துவமனைச் சாமான்கள் விற்கும் ஒரு கிடங்கில் கணக்குப் பிரிவில் வேலைக்குப் போனார். வரும் பில்லைச் சரிபார்த்துச் செலவு எண் போடுகிற வேலை. அங்கே எல்லோரும் அவரை சாம் என்று கூப்பிட்டார்கள்.

4

பம்மலிலிருந்து வந்த மாணிக்கம் என்பவர் எங்கள் ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தார். அரிசி, புளி, அப்பளம், தமிழ்ப் பட வீடியோ எல்லாம் கிடைக்கும். ஒருநாள் கடையில் பேசிக்கொண்டிருந்தபோது என் கணவர் தாம்பரத்தில் ஆடிட்டராக இருந்தவர் என்று தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து ஆடிட்டர் சார்தான். வரி ரிட்டர்ன் போடத் தமிழ்க் குடும்பங்களை அனுப்பிவைத்தார். கொஞ்ச நாளில் அவரே ஒரு பெயர்ப் பலகை செய்து கொண்டுவந்தார். நீலத்தில் வெள்ளை எழுத்து. பெயர், அதன் கீழ் 'சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்', அதன் கீழ் சின்னதாக 'இந்தியா'. எங்கள் வாசல் கதவுக்குப் பக்கத்தில் அவரே திருகி மாட்டினார்.

"இப்பதான் சார் வூடு வூடு மாதிரி கீது" என்றார்.

பலகையை யார் பார்த்தார்கள், யார் சொன்னார்கள் என்று தெரியாது. சில மாதம் கழித்து வாரியத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தார். வயதானவர், மரியாதையான மனிதர். ஏலக்காய் டீ கொடுத்தேன். இதில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டுக் குடித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"நீங்கள் வரி ரிட்டர்ன் தயாரிக்கலாம். அதற்கு இங்கே யாருக்கும் தடையில்லை. இந்தப் பெயரைத்தான் போடக் கூடாது."

"அது என் படிப்பு" என்றார் என் கணவர்.

"உங்கள் நாட்டில். இந்த மாநிலத்தில் அது லைசென்ஸ் உள்ளவர் என்று அர்த்தம் கொடுக்கிறது. பார்க்கிறவர்கள் குழம்புவார்கள்."

"இந்தியா என்று போட்டிருக்கிறேனே."

"சின்ன எழுத்தில்" என்றார் வந்தவர். குத்திக்காட்டும் குரலில் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார்.

"ஆடிட்டர் என்று போடலாமா?"

"அதுவும் கூடாது."

அவர் போனதும் என் கணவர் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஷீபாவுக்கு அப்போது எட்டு வயது. பின்னாலேயே போய் நின்று, "டாடி, ஆர் யூ இன் ட்ரபிள்?" என்று கேட்டாள். தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்வதையே அவள் அந்த வருஷம் நிறுத்தியிருந்தாள்.

"இல்லம்மா. போர்டுல ஸ்பெல்லிங் மிஸ்டேக்" என்றார்.

5

நான் மாலைக் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். கற்பிக்கத் தெரிந்தவளுக்குக் கற்பது சுலபம் என்று நினைத்துக்கொண்டு போனேன். முதல் வாரமே வணிகச் சட்ட வகுப்பில் கையைத் தூக்கி, நம் ஊர்ப் பழக்கத்தில், எனக்கு ஒரு டவுட் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நான் சொன்னதில் எதைச் சந்தேகப்படுகிறீர்கள்?" என்று கேட்டார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. சந்தேகம் அவர் மேல் இல்லை, எனக்குப் புரியவில்லை, அவ்வளவுதான் என்று விளக்குவதற்குள் என் கேள்வியே எனக்கு மறந்துவிட்டது.

இப்படித் தினம் ஒன்று. நமக்கு ஸ்டாக் என்றால் கிடங்கில் இருக்கும் சரக்கு, இவர்களுக்குக் கம்பெனிப் பங்கு. ஒரு லட்சத்தில் நான் போடும் காற்புள்ளி வேறு இடம், அவர்கள் போடும் இடம் வேறு. நாம் இருப்புநிலைக் குறிப்பில் சொத்துகளை வலது பக்கம் எழுதுவோம், இங்கே இடது பக்கம். பன்னிரண்டு வருஷம் கரும்பலகையில் வலது பக்கம் எழுதிய கை சொன்னால் கேட்கவில்லை. வீட்டு வேலை, சமையல், ஷீபாவின் பள்ளி என்று எல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்தால் கை தானாக வலது பக்கம் போகும்.

தேர்வு நான்கு தாள். அதில் ஒரு விதி. ஒரே தடவையில் குறைந்தது இரண்டு தாளாவது தேற வேண்டும், தேறாத தாள்களிலும் படுமோசமாக வாங்கியிருக்கக் கூடாது. இல்லாவிட்டால் தேறியதும் செல்லாது, மறுபடி முதலிலிருந்து. முதல் தடவை எனக்கு ஒரு தாள்தான் தேறியது. அதுவும் போயிற்று. தணிக்கையில் மிகவும் குறைவு.

அவர் ஒரு சனிக்கிழமை காலை என் தணிக்கைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில், "உட்காரு" என்றார்.

"இதைப் படிச்சு மனப்பாடம் பண்ணா வராது. கேளம்பாக்கம் உப்பளம் உனக்கு ஞாபகம் இருக்கா? உப்பைக் குவிச்சு மேல பனை ஓலை போட்டு மூடி வெச்சிருப்பான். குவியல் இவ்வளவு உயரம், இவ்வளவு அகலம், இவ்வளவு டன்னுன்னு ஓனர் எழுதிக் கொடுத்துட்டான். நீ போய் என்ன பார்ப்பே?"

"குவியலை அளந்து பார்ப்பேன்."

"அளந்தா சரியாத்தான் இருக்கும். நான் ஒரு நீளக் கம்பியை வாங்கி உள்ள குத்தினேன். ஒரு முழம் உப்பு. அதுக்கப்புறம் களிமண்ணு. மண் மேட்டு மேல உப்பைப் போத்தி வெச்சிருக்கான். அங்க வேலை செய்யற அம்மா ஒண்ணு சிரிச்சுகிட்டே கேட்டுது, 'இன்னா சார், உப்புக்கு ஊசி போட்டுகினு கீறீங்க?'ன்னு."

"ஓனர் என்ன சொன்னாரு?"

"போன மழையில கரைஞ்சுடுச்சு சார்னான். நான் ரிப்போர்ட்ல அதை எழுதினேன். அடுத்த வருஷம் வேற ஆடிட்டர்கிட்ட போயிட்டான்." புத்தகத்தை மூடினார். "காட்டறதைப் பார்க்கறது ஆடிட் இல்ல கிரேஸ். காட்டாத இடம் எதுன்னு கண்டுபிடிக்கணும். இப்ப நீ அந்த சாப்டரைப் படி."

அந்தக் குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் எனக்குப் பாடம். நெசவாளர் சங்கமும் லேத் பட்டறையும் எங்கள் சமையலறைக்கு வந்தன. சொல்லும்போது அவர் முகத்தில் தாம்பரத்துக் களை வந்துவிடும். தனக்கு எழுத அனுமதியில்லாத தேர்வுக்கு என்னைத் தயார் செய்கிறாரே என்று நினைப்பேன். அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் பாடம் நின்றுவிடும் என்று பயம்.

கண்காட்சி நடக்கும் பெரிய கொட்டகையில் தேர்வு. ஆயிரக்கணக்கில் மேஜைகள். அவர்தான் காரில் கொண்டுவிட்டார். கார் நிறுத்துமிடத்திலேயே காத்திருந்தார். தணிக்கைத் தாளில், தானியம் சேமிக்கும் ஒரு கம்பெனியின் சரக்கை எப்படிச் சரிபார்ப்பாய் என்று கேட்டிருந்தார்கள். நான் தானியத்துக்கு ஊசி போட்டேன். அந்தத் தடவையும் அடுத்த தடவையுமாக நான்கும் முடிந்தது.

6

அனுபவத்துக்கு ஹெலன் என்ற பெண்மணியின் நிறுவனத்தில் சேர்ந்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிகம் பேசாதவர். இரண்டு வருஷம் கழித்து லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது நடத்தை பற்றிய கேள்வி வந்தது. வாசல் பலகை விவகாரம் எனக்கு உறுத்தியது. மறைக்கவும் மனமில்லை, சொன்னால் என்ன ஆகுமோ என்றும் பயம். ஹெலனிடம் சொன்னேன்.

"பலகை யாருடையது?"

"என் கணவருடையது."

"கழற்றிவிட்டாரா?"

"அன்றே."

"அதை அப்படியே எழுது. நான் என் பங்குக்கு எழுதுகிறேன்" என்றார்.

தொண்ணூற்று மூன்றில் லைசென்ஸ் வந்தது. என் கணவரே கண்ணாடிச் சட்டம் வாங்கிவந்து அதைப் போட்டுக் கூடத்தில் மாட்டினார். மாட்டிவிட்டுத் தள்ளி நின்று, சாய்ந்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். அன்று மாலை வழக்கம் போல மாணிக்கத்தின் கடைக்குப் போனார். பலகை போன பிறகு அவருக்கு மிஞ்சிய இடம் அதுதான். வேலை முடிந்ததும் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுவார். சம்பளம் உண்டு. ஆனால் அதற்காகப் போகவில்லை. கடைக்கு வருகிறவர்கள் அங்கே இன்னமும் ஆடிட்டர் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். சட்டம் கடைக்குள் வந்து கேட்கப் போவதில்லை.

நான் தனியாக அலுவலகம் தொடங்கிய மறு வருஷம் மாணிக்கம் வந்தார்.

"அக்கா, ரெண்டாவது கடை போடறேன். நல்ல இடமா ஒண்ணு வந்திருக்கு. பேங்க்ல ஆடிட் பண்ண கணக்கு கேக்கறாங்க. நம்ம வூட்லயே ஆடிட்டர் கீறப்போ வெளிய எதுக்குப் போறது? சார் எல்லாம் எழுதி ரெடியா வெச்சிருக்கார். நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்."

பக்கத்தில் என் கணவர் சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"எப்ப ஆரம்பிக்கிறே?"

"நான் போட முடியாதுங்க."

"ஏன், கணக்குல தப்பா?"

"கணக்குல தப்பு இருக்காது. நீங்க எழுதின கணக்கு. அதான் முடியாது. புருஷன் சம்பளம் வாங்கி எழுதற கணக்கைப் பெண்டாட்டி ஆடிட் பண்ணக் கூடாது. விதி இருக்கு."

"நான் உனக்குப் புருஷன்னு இப்பதான் தெரிஞ்சுதா?"

"தாம்பரத்துல உங்க தம்பி கம்பெனிக்கு ஆடிட் பண்ணச் சொன்னப்போ நீங்க மாட்டேன்னுதானே சொன்னீங்க?"

சொன்னது அவருக்கு நினைவிருந்தது.

"சொன்னேன். அப்போ மாட்டேன்னு சொல்ற இடத்துல நான் இருந்தேன். இங்க எல்லாரும் என்னைப் பார்த்து மாட்டேன்னு சொல்றாங்க. மாநிலம் சொல்லுது. இப்ப நீ சொல்றே."

கையெழுத்துப் போட்டிருந்தால் வாரியத்துக்குத் தெரியாமலே போயிருக்கலாம். அவர் சொல்லிக் கொடுத்த தணிக்கையின்படியே நான் மறுத்தேன் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்ததனால் கோபம் குறைந்துவிடவில்லை.

ஹெலன் மூலமாக வேறொருவரை ஏற்பாடு செய்தேன். அவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்து முடிப்பதற்குள் அந்த நல்ல இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. மாணிக்கம் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கடைக்குப் போனால் சாமானைக் கட்டிக் கொடுத்தார், அக்கா என்று கூப்பிடவில்லை. தமிழர்கள் கூடும் பிக்னிக்கில் ஒரு பெண்மணி என் காதில் விழும்படியே, "புருஷன் எழுதின கணக்கையே நம்பல. நம்ம கணக்கை நம்பிடுவாங்களா?" என்றாள். இரண்டு தமிழ்க் குடும்பங்கள் என்னிடமிருந்து வரி வேலையை எடுத்துக்கொண்டு போயின. என் கணவர் கடைக்குப் போவதை நிறுத்தினார். வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்து தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்தார். ஷீபாவுக்குப் பதினான்கு வயது. அவள் அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். ஒரே வீட்டில் மூன்று பேரும் மூன்று இடத்தில் இருந்தோம்.

ஒரு நாள் காலை இட்லியைத் தட்டில் வைத்தபோது சொன்னார். "கிருஷ்ணன் கூப்பிடுறான். தனியா சமாளிக்க முடியலையாம்."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல" என்றார். பொய் சொல்லவில்லை.

7

தாம்பரத்திலும் அவருக்காக எதுவும் அப்படியே காத்திருக்கவில்லை. தொழில் நடத்தும் சான்றிதழுக்கு மறுபடி விண்ணப்பித்தார். பெயர் பதிவேட்டில் இருந்ததால் கிடைத்தது. ஆனால் வரிச் சட்டம் மாறியிருந்தது, கம்பெனிச் சட்டத்தில் எவ்வளவோ சேர்ந்திருந்தது, மேஜை மேல் கம்ப்யூட்டர் வந்திருந்தது. நகரத்தில் நடக்கும் வகுப்புகளுக்கு மின்சார ரயிலில் போய்வர ஆரம்பித்தார்.

தொலைபேசியில் கேட்டேன். "அங்க மட்டும் பெஞ்சுல உட்கார்றீங்களே?"

"இங்க நான் உட்கார்ந்தா பக்கத்துல இருக்கறவன் 'சார், நீங்களா?'ன்னு எழுந்திருக்கான் கிரேஸ்" என்றார். குரலில் பழைய சாமுவேல் இருந்தார்.

இங்கே நானும் அதே வேலையில்தான் இருந்தேன். ஹோட்டல் அரங்கில் வகுப்பு, ஆறிப்போன காப்பி, கழுத்தில் பெயர் அட்டை. பாதி நேரம் தூக்கம் வரும். சாயங்காலம் வந்து போனதற்கு ஒரு தாள் தருவார்கள். அதைக் கோப்பில் பத்திரமாக வைக்க வேண்டும், வாரியம் எப்போது வேண்டுமானாலும் கேட்கும். லைசென்ஸ் வாங்குவதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அதை வைத்துக்கொள்வதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வாங்கும்போது ஒரு வேகம் இருக்கும், வீடே கூட நிற்கும். வைத்துக்கொள்வது வருஷா வருஷம் தனியாகச் செய்கிற காரியம்.

பிரிந்துவிட்டார்களா என்று ரூபி அக்காவிடமே சிலர் கேட்டார்களாம். அக்கா என்னிடம் கேட்டாள்.

"இல்லக்கா. அவர் லைசென்ஸ் அங்க இருக்கு. என்னுது இங்க இருக்கு" என்றேன்.

"இது ஒரு பதிலாடி?" என்றாள்.

அப்போது என்னிடம் இருந்த பதில் அதுதான்.

8

போன வருஷம் கோடை விடுமுறையில் ஷீபாவை அழைத்துக்கொண்டு தாம்பரம் போனேன். அவளுக்குப் பதினாறு. அவளுக்கு வர இஷ்டமில்லை. விமானத்தில் வாக்மேனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மீனம்பாக்கத்தில் அவள் அப்பா எங்களுக்காகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை நன்றாக நரைத்திருந்தது. இளைத்திருந்தார். நடை வேகமாக இருந்தது.

முதல் வாரம் ஷீபா வீட்டை விட்டு நகரவில்லை. மின்விசிறிக்கு அடியிலேயே கிடந்தாள். பிறகு அலுப்பு தாங்காமல் ஒரு நாள் அவரோடு அலுவலகத்துக்குப் போனாள். மறுநாளும் போனாள். அங்கே ஏழுமலை என்று ஐம்பது வயதுக்காரர் ஒருவர், ஆபீசுக்கே ஆதாரம். வங்கிக்குப் போவது, வரி அலுவலகத்தில் ரிட்டர்ன் கொடுத்து முத்திரை வாங்குவது எல்லாம் அவர்தான். அவளுக்குத் தமிழ் வராது என்பதை ஏழுமலை கண்டுகொள்ளவே இல்லை. அவள் ஆங்கிலத்தில் சொன்னால் இவர் தன் மெட்ராஸ் தமிழில் பதில் சொல்வார். "வா பாப்பா, பேங்குக்குப் போய் வந்துடலாம்" என்று கூடவே அழைத்துப் போவார். அவள் போவாள். வந்ததும் அவர் சொன்ன கதையை அப்பாவிடம் அரைகுறையாகத் திருப்பிச் சொல்லி, விட்டுப்போன வார்த்தையைக் கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

நானும் ஒருநாள் அந்த மாடியேறிப் போனேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பொழிச்சலூர் லேத் பட்டறைக்காரர் வந்திருந்தார். கணக்கில் ஏதோ ஒரு செலவை என் கணவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"சார், போன வருஷம் கிருஷ்ணன் சார் விட்டுட்டாரே."

"அவர் விட்டிருக்கலாம். கையெழுத்து நான் போடறேன். பில்லைக் கொண்டா, போடறேன்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு பில்லைத் தேடிக்கொண்டு வரப் போனார். என் கணவர் அடுத்த கோப்பைப் பிரித்தார். இவரைத் திரும்ப வாருங்கள் என்று கூப்பிட வேண்டும் என்று நான் மனத்தில் வைத்திருந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதைக் கைவிட்டேன். அன்று மாலை அலுவலகத்திலிருந்து நடந்து வரும்போது அவரிடம் சொன்னேன்.

"நீங்க இங்கயே இருங்க."

"நீ?"

"எனக்கு அங்க வேலை இருக்கு. ஷீபா காலேஜ் இருக்கு. எனக்கு அது பிடிச்சும் இருக்கு."

ரயில் நிலைய மேம்பாலத்தில் கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது. அவர் என் கைப்பையை வாங்கிக்கொண்டார்.

"ஜனவரியில இங்க வேலை குறைச்சல். உனக்கு அப்பதான் வரி சீசன். ஏப்ரல் வரைக்கும் வந்து இருக்கேன். சமையல் என் பொறுப்பு. கையெழுத்து மட்டும் கேக்காத" என்றார்.

"கேக்க மாட்டேன். நீங்களும் இங்க என்கிட்ட கேக்காதீங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தோம். இந்த ஜனவரியில் சொன்னபடியே வந்தார். அவர் வைக்கும் சாம்பாரில் புளி தூக்கலாக இருக்கிறது. மற்றபடி குறையில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கோடையில் ஷீபா செய்ததைப் பற்றி. ஏப்ரலில் தள்ளிப்போட்ட ரிட்டர்ன்களை ஆகஸ்டு பாதிக்குள் நான் முடித்தாக வேண்டும், வகுப்புக்கும் பதிவு செய்திருந்தேன். ஜூலையில் கிளம்ப வேண்டும். டிக்கெட்டை உறுதி செய்யப் போகும் அன்று ஷீபா வந்து நின்றாள். பள்ளி திறக்கும் வரைக்கும் அப்பாவோடு இருக்கிறேன் என்றாள். தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, வெயில், கொசு என்று நான் அடுக்கினேன். அவள் வாதாடவில்லை. "ஐ வான்ட் டு ஸ்டே, மம்மி" என்று மட்டும் சொன்னாள். நான் அவள் அப்பாவைப் பார்த்தேன். அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்.

தனியாகத் திரும்பினேன். முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, வகுப்புக்கான புத்தகத்தை விரித்து வைத்திருந்தபோது தொலைபேசி அடித்தது. அங்கே இருட்டியிருக்கும் நேரம். பின்னணியில் மழைச் சத்தம் கேட்டது.

"மம்மி, கரண்ட் போயிடுச்சு" என்றாள் ஷீபா. தமிழில்.

"அப்பா எங்க?"

"அப்பா மெழுகுவத்தி வெச்சிகினு கையெழுத்து போட்டுகினு கீறார். நான் சீல் குத்திகினு கீறேன். ஒரே பேஜாரா கீது, மம்மி."

சேலையூர்ப் பள்ளியில் இப்படிப் பேசிய பிள்ளைகளை எழுப்பி நிற்கவைத்து, வாக்கியத்தைச் சரியாகச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். புத்தகத்தை மூடிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அப்புறம்?" என்றேன். "இன்னும் சொல்லு."